வால் தகடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். இல்லாத கப்பலில் துருப்பிடித்த கதையை யார் படிப்பார்கள்? ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் நான் வேலை செய்யும் கார் பட்டறை ஞாயிற்றுக்கிழமை சாத்தியிருக்கும். அன்று பின்பக்க மேசையில் நண்பர்கள் மூவரும் உட்கார்ந்து, பகடை உருட்டி வாயாலேயே விண்வெளிக் கப்பல் ஓட்டுவோம். கதையை நடத்துகிறவன் மாஸ்டர். இன்னொருவன் கேப்டன். நான்காம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான் இன்ஜினியர். சிரிக்காதீர்கள்.

அது கிழட்டுக் கப்பல். யாராவது வராத வாரமெல்லாம் அதில் துரு ஏறும் என்பது மாஸ்டர் வைத்த சட்டம். ஆட்கள் மட்டம் போடாமல் இருக்கத்தான் வைத்தான். கேப்டனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவன் வரவில்லை, துரு தவறாமல் வந்தது.

நான் பகடையை உருட்டி உருட்டித் துருவைச் சுரண்டினேன், பெயின்ட் அடித்தேன். கேப்டன் அறைக் கதவுக்கு மட்டும் ரோஸ் கலர். கடைசியில் வால் தகடு ஒன்றுதான் பாக்கி. அதை உள்ளே ஒருவன் பிடிக்க, வெளியே ஒருவன் வெல்டிங் வைக்க வேண்டும். மாஸ்டர் கை கொடுக்கக் கூடாது. கேப்டன் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு வந்தான்.

"வாங்க தொரை, பாலத்துல வழி மறந்துட்டீங்களோ? மொதல்ல வால் தகட்ட முடிச்சிருவோம். ஒரே ஒரு தடவ உருட்டு லா."

"அலமாக்! வாரம் பூரா ஷிப்யார்டுல துருதான்டா சொரண்டுறேன். இங்கயும் வந்து சொரண்டணுமா? ஃபுல் ஸ்பீட்ல எடு."

"பிச்சுக்கும்டா. மெதுவா போலாம்."

"மெதுவா போக இது என்ன தம்போய் பஸ்ஸா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கூடுதலாகக் கசந்தது.

கேப்டன் சொன்னால் சொன்னதுதான். மாஸ்டர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பகடையை உருட்டினான். வால் பிய்ந்து, கப்பல் இரண்டாகி, கேப்டனும் நானும் செத்தோம். கேப்டன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு போனைப் பார்த்தான். "பாலத்துல ஜாம் ஆயிரும்டா" என்று கிளம்பிவிட்டான். அவனுக்கு வாங்கி வைத்த தே குடிக்காமலே ஆறிப்போனது. மேசையில் விரித்திருந்த கப்பல் படத்தை நான்தான் மடித்து வைத்தேன்.

சாயங்காலம் அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "கேப்டன், உங்க ரோஸ் கதவு மட்டும் இன்னும் மெதக்குதாம். வந்து எடுத்துட்டுப் போங்க."

பதில் வந்தது.

"கேம்தானடா, வேற கப்பல் போட்டுக்கலாம்."