ஹவில்தார் ஓடிய மூன்று சுற்று

யுத்த காலத்தில் திருவனந்தபுரம் பட்டாள முகாமில் நான் தலைமைக் குமாஸ்தா. என் ஜன்னலுக்கு எதிரே மைதானம். அங்கே பயிற்சி கொடுத்த நாஞ்சில் நாட்டு ஹவில்தார் குட்டையான, ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தான்களை அடிக்கடி தடவிச் சரிபார்ப்பார். அவருடைய தணிந்த குரலுக்கு நாற்பது பேர் அசையாமல் நிற்பார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் என் குமாஸ்தாக்கள் நால்வரும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

தாமதமாக வந்தவன் தன் பட்டாள மூட்டையைச் சுமந்து மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும் என்பது அவர் விதித்த தண்டனை. ஒரு நாள் அவரே இரண்டு நிமிஷம் பிந்திவிட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, நாற்பது பேரும் பார்க்க ஓடினார்.

மத்தியானம் கேட்டேன். "என்ன ஓய், மானம் போகலையா?"

"ஓடலேன்னாதான் போயிருக்கும், சாமி," என்றார், பொத்தானைத் தடவியபடி.

அந்த மரியாதை எனக்கும் வேண்டியிருந்தது. மறுநாள் வேண்டுமென்றே அரைமணி தாமதமாகப் போய், எல்லோர் முன்னிலையிலும் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே தாமதத்துக்கான சிவப்புக் கோடு போட்டேன். நால்வரும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த நாள் நால்வரும் சேர்ந்தே அரைமணி தாமதமாக வந்தார்கள்.

"சிவப்பு மை எங்கே சாரே? நாங்களே கோடு போட்டுக்கறோம், கேட்டோ," என்றான் ஒருவன், சிரித்துக்கொண்டே.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மைதானத்தில் நாற்பது பேரும் பிசகாமல் நடை பழகிக்கொண்டிருந்தார்கள். ஹவில்தார் அன்று லீவு.