ஆறு பாடமும் ஒரு கால்குலேட்டரும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வீட்டில் எங்கள் பக்கத்தில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: எந்த குரூப்? எங்கள் ஆம்பூரிலும் அதுதான், மாமா ஊரான அணைக்கட்டிலும் அதுதான். ஃபர்ஸ்ட் குரூப் என்றோ காமர்ஸ் என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டால், கேட்டவர் திருப்தியாகக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அந்த ஒரு வார்த்தை வாய்க்கவில்லை. ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில், மாநில எல்லை தாண்டி மலைமேல் இருந்த ஒரு சர்வதேசப் பள்ளியில் எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது.

அம்மாவின் தம்பி அணைக்கட்டிலிருந்து போன் செய்தார்.

“இன்னா குரூப் எடுத்துக்கின?”

“குரூப் இல்ல மாமா. ஆறு பாடம். மூணு ஹையர், மூணு ஸ்டாண்டர்ட். நாமளே எடுத்துக்கணும்.”

“நாமளேன்னா யாரு?”

“நான்தான்.”

“பதினாறு வயசுப் பொண்ண கேட்டா பாடம் வெப்பாங்க? இன்னா ஸ்கூலோ,” என்று சொல்லிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அது புரிய நாளாயிற்று. தாய்மொழி இலக்கியம் ஒன்று, வேறு ஒரு மொழி ஒன்று, சமூகம் சார்ந்த பாடம் ஒன்று, அறிவியல் ஒன்று, கணக்கு ஒன்று. ஆறாவதாக ஓவியம், நாடகம் போல ஏதாவது ஒரு கலை. அது வேண்டாம் என்றால் இன்னொரு அறிவியல். இந்த ஆறில் மூன்றை ஹையர் என்று ஆழமாகப் படிக்க வேண்டும், மூன்றை ஸ்டாண்டர்ட் என்று அளவாகப் படித்தால் போதும். எதை ஆழமாக, எதை அளவாக என்பதில்தான் பிள்ளைகளின் தூக்கம் போகும்.

என் தூக்கம் போகவில்லை. கணக்கு ஹையர், இயற்பியல் ஹையர், பொருளாதாரம் ஹையர் என்று மலை ஏறும் முன்பே முடிவு செய்திருந்தேன். இன்று கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறேன். எனக்குக் கணக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால், மூளை, ஆர்வம் என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். உண்மை வேறு. வெளியூரில் எங்கே என் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எல்லோருக்கும் தோல் நினைவுக்கு வந்துவிடும்; அந்தப் பள்ளியிலும் அதேதான். உங்கள் அப்பா தோல் பதனிடும் டேனரியிலா, நாற்றம் அடிக்குமா, கழிவு கலக்கும் ஆறு எப்படி இருக்கும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கணக்கில் மட்டும் யாரும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்த வாரமே கணக்கில் ஒரு சோதனை வைத்தார்கள், யார் எந்த வகுப்புக்குத் தகுதி என்று பார்ப்பதற்காக. ஒவ்வொரு மேசையிலும் கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒரு கால்குலேட்டர் இருந்தது. எங்கள் ஆம்பூர்ப் பள்ளியில் கணக்குப் பரீட்சைக்குக் கால்குலேட்டரோடு வந்தால் அது பிட்டு கொண்டுவந்ததற்குச் சமம். ஹாலை விட்டே அனுப்பிவிடுவார்கள். வேறு ஏதோ பரீட்சைக்கு வைத்ததை எடுக்க மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, அதைக் கவிழ்த்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழுதத் தொடங்கினேன்.

பத்து நிமிடத்தில் சுற்றிலும் டக் டக் என்று சத்தம். தலை தூக்கிப் பார்த்தால் அத்தனை பேரும் அதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பணக்காரப் பிள்ளைகள் காப்பியடிப்பதைக்கூட எவ்வளவு தைரியமாகச் செய்கிறார்கள் என்று வயிறு எரிந்தது. கண்காணிக்க வந்தவர் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்துகொண்டிருந்ததில் இன்னும் எரிந்தது. நான் வகுத்தலையும் வர்க்கமூலத்தையும் ஓரத்தில் கையால் போட்டுப் போட்டு எழுதினேன். மணி அடித்தபோது பாதிக் கேள்விதான் முடிந்திருந்தது.

மார்க் வந்தது. வகுப்பிலேயே கடைசி நான்தான். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நேர்மையாக எழுதினால் இவ்வளவுதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. போட்டுக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

பாடத் தேர்வைக் கவனித்துக்கொண்ட மேடம் என்னைக் கூப்பிட்டார். வங்காளத்துக்காரர், அன்பானவர். பேசும்போது நம் கையைப் பிடித்துக்கொள்வார். எனக்காக ஆறு பாடத்தையும் யோசித்து வைத்திருந்தார். சுற்றுச்சூழல் ஹையர், புவியியல் ஹையர், ஓவியம் ஹையர். தமிழும் ஆங்கிலமும் ஸ்டாண்டர்ட். கணக்கும் ஸ்டாண்டர்ட், அதிலும் இருப்பதிலேயே எளிதானது. அந்தக் கணக்கை எடுத்தால் பின்னாலேயே இயற்பியல் ஹையரும் போய்விடும். உன் ஊரே உனக்கு ஒரு பெரிய பாடம், அங்கே நீ பார்த்தது இங்கே வேறு எவருக்கும் கிடைக்காது, உன் ஆற்றைப் பற்றி எவ்வளவு எழுதலாம் என்று சொல்லும்போது அவர் கண் பளபளத்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த ஆற்றைப் பற்றி எழுத எனக்குத் துளியும் ஆசை இல்லை. பக்கத்து மேசை மும்பைப் பையனிடம் போய், உன் ஊர்க் கடலைப் பற்றிப் படி என்று யாராவது சொல்கிறார்களா? ஆனால் அந்த மேடம் என்னை மட்டம் தட்டவில்லை. வந்த இடத்தில் தோற்றுத் திரும்பிய பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். நான் அப்படித் திரும்பக் கூடாது என்றுதான் எனக்காக உட்கார்ந்து யோசித்திருந்தார். அன்றே அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபத்தைக் காட்டவும் முடியவில்லை.

உதவித்தொகைப் பிள்ளைகளுக்கு மட்டும், பாடத்தை முடிவு செய்யும்போது வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்பது விதி. அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். ஷிப்மென்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை. அப்பா டேனரியில் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினார்.

“அவங்க இன்னா சொல்றாங்களோ சரின்னு சொல்லிடறேன்,” என்றார் பள்ளி கேட்டிலேயே.

“சரின்னு மட்டும் சொல்லிடாதப்பா. மேக்ஸ் ஹையர் வேணும்னு சொல்லு.”

“படிச்சவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது? அவங்கள பேஜார் பண்ணக் கூடாதும்மா.”

அப்பா அப்படித்தான். சூப்பர்வைசர், கண்டக்டர், ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுப்பவர், எல்லோரிடமும் முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகுதான் விஷயத்தைக் கேட்பார். இன்றும் ஆட்டப் போகிறார், என் கணக்கு போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே அவரை உள்ளே அழைத்துப் போனேன்.

அறையில் மேடத்தோடு கணக்கு சாரும் இருந்தார். அவர் நாகர்கோவில் பக்கம், அதனால் அப்பாவோடு நேராகத் தமிழிலேயே பேச முடிந்தது. என் விடைத்தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார். ஓரமெல்லாம் என் வகுத்தல்கள்.

“ஏம்மா, கால்குலேட்டர் மேசையிலதானே இருந்துச்சு,” என்று என்னைக் கேட்டார். “நீ அதைத் தொட்டியா இல்லியா?”

பரீட்சையில் கால்குலேட்டரைத் தொட்டால் காப்பியடித்ததற்குச் சமம் என்பது அப்பாவுக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டார்.

“தொடல சார். எம் பொண்ணு தொட மாட்டா.” என்றார் சத்தமாக. “கம்மியா வாங்கி இருந்தாலும் அது அவளா போட்டது. காப்பி அடிச்சி ஜாஸ்தி வாங்கறதுக்கு இவ்ளோ தூரம் எதுக்கு அனுப்பணும்? அந்த மார்க்குக்கு இன்னா பாடமோ அதையே குடுங்க. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா அவள அந்த மாதிரி மட்டும் பேசாதீங்க.”

அப்பா ஒரு மேசைக்கு முன்னால் நின்று குரல் உயர்த்தியதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தமிழ் தெரியாத மேடம், என்ன ஆயிற்று என்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சார் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் அப்பாவை உட்காரச் சொன்னார்.

“ஐயா, உங்க பொண்ணு காப்பியடிச்சான்னு யாரும் சொல்லல. இங்க அதைத் தொடலாம். தொடணும்னுதான் வச்சிருந்தோம்.”

நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒரு வகுப்பையே திருட்டுக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டிருக்கிறேன். உப்பைத் தள்ளச் சொன்ன பெண்ணிடம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

சார் நடந்ததை மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கால்குலேட்டரைப் பயன்படுத்தலாம் என்று சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, தவறு எங்களுடையது என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அப்பா பதறிப்போய், “பரவால்ல மேடம், பரவால்ல,” என்று மறுபடியும் எழுந்தார்.

போட்ட வரைக்கும் ஒரு தப்பும் இல்லை, ஹையருக்கு வரட்டும் என்றார் சார். நான் மனசுக்குள் குதித்துக்கொண்டிருக்கும்போதே மேடம் மெதுவாக இன்னொன்றைச் சொன்னார். ஹையர் கணக்கு மிகவும் கடினம், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கே மார்க் இறங்கும். முதல் ஆண்டு முடிவில் என் மொத்த மார்க் அறக்கட்டளை சொன்ன அளவுக்குக் கீழே போனால் உதவித்தொகை நின்றுவிடும், நான் ஊர் திரும்ப வேண்டியதுதான். இது அப்பாவுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

மொழிபெயர்க்காமல் விழுங்கிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கால்குலேட்டருக்காக அவ்வளவு பேசிய மனிதரை ஏமாற்ற மனசு வரவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா கொஞ்சம் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்று அனுமதி கேட்டார்.

வராந்தாவில் குளிர்காற்று அடித்தது. அப்பா மஃப்ளர்கூடக் கொண்டுவரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஈசியா இருக்கறது எடுத்தா ரெண்டு வருஷமும் இங்கயே இருக்கலாமா?”

“இருக்கலாம்.”

“அதையே எடுத்துக்கோயேம்மா. கஷ்டமெல்லாம் எங்களோட போவட்டும்.”

“எனக்கு அது வேணாம்ப்பா. ரெண்டு வருஷம் பிடிக்காதத படிச்சிக்கினு இங்க எதுக்கு இருக்கணும்? மார்க் வரலன்னா ஆம்பூருக்குத் துரத்திடுவாங்க, அவ்ளோதான? எனக்கும் அது பயம்தான். நைட்டெல்லாம் அதான் நெனப்பு. ஆனா எனக்கு இதான் வேணும்.”

அப்பா என்னையே பார்த்தார்.

“துரத்திடுவாங்கன்னா? நம்ம வூட்டுக்குத்தான வரப் போற. அதுக்கு எதுக்கும்மா இவ்ளோ பயப்படற?”

ஊருக்குத் திரும்புவதை நான் ஜெயிலுக்குப் போவதுபோல் பேசியிருக்கிறேன். அந்த ஊரில்தான் அவரும் அம்மாவும் இருக்கிறார்கள். அவர் முகத்தில் கோபம் இல்லை. அடி வாங்கியவர் முகம் அது. வெட்கமாக இருந்தது.

அப்பா உள்ளே போனார். “அவ கேக்கறதையே குடுங்க மேடம்,” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அன்று மாலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்.

கணக்கு ஹையர் மேடம் சொன்னதற்கும் மேலே இருந்தது. கால்குலேட்டரில் எந்தப் பொத்தான் எங்கே என்று நான் தேடுவதற்குள் மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு பாடத்துக்கு முழு மார்க்கே ஏழுதான்; முதல் பரீட்சையில் எனக்கு மூன்று வந்தது. அந்த மூன்றை வைத்துக்கொண்டு உதவித்தொகையைக் காப்பாற்ற முடியாது. அந்த ஞாயிறு மத்தியானம் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார்.

“மூணு வந்திருக்குப்பா.”

“மூணுன்னா?”

“கம்மி. இப்டியே போனா இங்க இருக்க முடியாது.”

“வர்றியா?” என்றார் அப்பா.

கவலையோடு கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்தக் குரலில் கவலையே இல்லை. பண்டிகைக்கு வரும் பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்டார். அடுத்து எந்த பஸ் என்று கேட்டுவிடுவார் போல இருந்தது. நான் கிளம்பி வந்த நாளிலிருந்து, திரும்பி வர மாட்டேனா என்ற ஆசையை அவர் மனசுக்குள் வைத்திருக்கிறார் என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது. வைத்துக்கொண்டேதான் அவ கேக்கறதையே குடுங்க என்று சொல்லியிருக்கிறார்.

“இல்லப்பா. இன்னும் பரீட்சை இருக்கு. இன்னும் நல்லா எழுதுவேன்.”

“சரிம்மா. நல்லா சாப்புடு,” என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்தார்.

“இன்னாடி சொன்ன அவர்கிட்ட?” என்றாள் அம்மா. “கண்ண தொடச்சிக்கினு வெளிய போறாரு. பெயில் ஆய்ட்டியா?”

“இல்லம்மா,” என்றேன். “வரலன்னு சொன்னேன்.”