புகைக்கூண்டும் கோபுரமும் சேரும் இடம்

பவுனம்மாள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. கூடையில் நல்ல மீனை மேலே வைத்துப் பழசை அடியில் தள்ளுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? அவளே மீன்காரிதானே. அப்படிப்பட்டவளிடம், கேட்ட மாத்திரத்தில் ஒருவர் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினால் என்ன நினைப்பாள்? இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

நீட்டியவர் அவளுடைய சித்தப்பா பொன்னுரங்கம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம், அவள் அப்பா கோதண்டம் திருவொற்றியூர் குப்பத்து வீட்டைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தோடு பழவேற்காட்டுக்குப் போனார். திரும்பி வர அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பவுனம்மாள் அங்கேயே வளர்ந்தாள், வாழ்க்கைப்பட்டாள், மாமியாரின் வாய்க்கு அஞ்சி அஞ்சிக் காலம் தள்ளினாள். ஒவ்வொரு ஏச்சுக்கும் 'எனக்கும் ஒரு வீடு இருக்கிறது' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். நேற்று மாமியார் வெளியே போகச் சொன்னதும், குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்டாள். வீடு கிடைத்தால் இருவரையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மறுபடி மாமியார் காலடிதான்.

"இதான் உங்க வூடு," என்று ரோட்டோரக் குடிசை ஒன்றைக் காட்டினார் பொன்னுரங்கம், தரையைப் பார்த்துக்கொண்டே.

பவுனம்மாள் வாசலில் நின்று தூரத்தில் பார்த்தாள். கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றுக்கொன்று நேராக வருவதை வைத்துத்தான் கடலில் வலை போடும் இடத்தைப் பிடிப்பார்கள். வீட்டையும் அப்பா அவளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தார். தீப்பெட்டிக் கம்பெனிப் புகைக்கூண்டு கோயில் கோபுரத்தின் நடுவே வந்து நின்றால் அதுதான் நம் வாசல். இங்கே இரண்டும் தள்ளித் தள்ளி நின்றன.

"இது எங்க வூடு இல்ல. நைனா சொன்ன குறி தப்புது. எங்க வூட்ட எவனுக்கு வித்த?"

பொன்னுரங்கம் குடிசைக்குள்ளே கையைக் காட்டினார். "மொதல்ல துன்னு பவுனு. வஞ்சரக் கொழம்பு கீது."

வஞ்சிரம் வேறா! வயிற்றை அடைத்தால் வாய் அடைபடும் என்று பார்க்கிறார். அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

"அங்க எவன் குந்திகினு கீறான்னு பாத்துட்டு, அப்பறம் பஞ்சாயத்துல பேசிக்கலாம்," என்று கடல் பக்கமாக நடந்தாள். நடக்க நடக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். புகைக்கூண்டு மெல்லக் கோபுரத்தை நெருங்கியது. குடிசைகள் முடிந்து மணல் வந்தது. இன்னும் கொஞ்சம் பாக்கி. தண்ணீர் காலில் பட்டும் நடந்தாள். முழங்கால் நனைந்தபோது நின்று திரும்பினாள். புகைக்கூண்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே இன்னும் வானம் தெரிந்தது.

பின்னாலேயே வந்த பொன்னுரங்கம் கரையில் நின்றார். "ரெண்டு வரிசை வூடும் கடல்ல போச்சு பவுனு. உங்க வூடு, என் வூடு, எல்லாம். அண்ணன் என்ன நம்பி வுட்டுட்டுப் போச்சு. கடல் துன்னுட்ச்சுன்னு இன்னா மூஞ்ச வெச்சிகினு சொல்றது?"

"அப்ப அந்தக் குடிசை?"

"வூடு போனவங்களுக்குப் பஞ்சாயத்துல எடம் குட்த்தாங்க. ஊர்ல இல்லாதவங்களுக்குக் கெடையாதுன்ட்டாங்க. அதான் என் எடத்துல உங்குளுக்குக் கட்டிட்டேன்."

"நீ எங்க படுக்கற?"

"வலைக் கொட்டாய்ல. ஒண்டிக்கட்டைக்கு இன்னா?"

பவுனம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையேறினாள்.

"நாளிக்கி எங்கூட்டுக்காரரையும் கொழந்தையையும் இட்டாறேன். நீயும் பாய எடுத்துகினு வூட்டுக்கு வந்துடு."

பொன்னுரங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். யாரையும் லேசில் நம்பாதது அந்தக் குடும்பத்து ரத்தம்; அது அவரை மட்டும் விட்டுவிடுமா?

"நாளிக்கி மட்டுமா, எப்பவுமேயா?" என்று கேட்டார்.