கன்னிவாடி மலைக்கு மிளகு வாங்கப் போன நாள்

மலை மிளகு வாங்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லும்படி என் மகன் கேட்டான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, அவன் எழுதுகிறான்.

நான் போனது எண்பத்து நாலாம் வருடம், மாசி மாதம். சித்தையன்கோட்டையில் என் தங்கை தலைப்பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். பிள்ளை பெற்றவளுக்கு மிளகாய் ஆகாது. மிளகும் பூண்டும் அரைத்துத்தான் பத்தியக் குழம்பு. கடை மிளகைத் தண்ணீரில் போட்டால் பாதி மிதந்தது. எல்லாம் பப்பாளி விதை. "மலைக்கே போயிருவோம் மச்சான்" என்றான் தங்கை புருஷன் முத்தையா.

திண்டுக்கல்லில் காலை ஆறரை மணி பஸ். கன்னிவாடிக்கு ஒன்றரை ரூபாய், அங்கே மாறி மலைக்கு இரண்டு ரூபாய். பாதி மலையில் ஒரு தோட்டத்தருகே இறங்கியபோது மணி ஒன்பது. வெயிலே இல்லை; மரங்களில் சுற்றி ஏறிய கொடிகள் ஈரத்தில் கறுத்துத் தொங்கின.

தோட்டக்காரர் வாய்க்காரர். "கீழ்நாட்டு ஆளுகளுக்கு மிளகு கடையிலயே காய்க்குதுன்னு நெனப்பு" என்று ஆரம்பித்தார். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, கொதிநீரில் முக்கிக் காயவைத்தால் கருமிளகு. நன்றாகப் பழுத்ததை ஊறவைத்துத் தோலைத் தேய்த்தெடுத்தால் வெள்ளை மிளகு. வால்மிளகு வேறு கொடி, மருந்துக்கு. மிளகாய் கப்பலில் வந்ததாம். அதற்கு முன்னால் நம் குழம்புக்கெல்லாம் காரம் கொடுத்தது இந்த மேற்கு மலைக் கொடிதானாம். திண்டுக்கல் பேகம்பூர் பிரியாணியில் தொண்டையைப் பிடிக்கிற காரமும் இதுதான் என்றார். ரசத்துக்குச் சின்ன மணி, கறிக்குப் பெரிய மணி. கிலோ முப்பது ரூபாய். இரண்டு கிலோ கேட்டோம்.

சாக்குகள் அடுக்கிய கொட்டகையில் முத்தையா அடிச்சாக்கின் மிளகைப் பார்க்கக் கையை உள்ளே விட்டான். வெடுக்கென்று இழுத்தான். "சுருக்குன்னுச்சு மச்சான்." விரலில் இரண்டு புள்ளி. ரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. எலியா, பாம்பா, யாரும் பார்க்கவில்லை.

வாழைத்தார் ஏற்றிய ஜீப் ஒன்று வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. "ஏறுங்கப்பா, கன்னிவாடியில எறக்கி விடுறேன்" என்றார் டிரைவர். மணி பதினொன்று.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாம்புக் கடியென்று சந்தேகம் வந்தால் மிளகை மென்று பார்க்கச் சொல்வார்கள். காரம் தெரிந்தால் விஷமில்லை. நான்தான் நாலு மிளகு எடுத்து அவன் வாயில் போட்டேன்.

"என்ன மாப்ள, உறைக்குதா?"

"ஆத்தாடி! கண்ணுல தண்ணி வருது மச்சான்!"

எல்லோரும் சிரித்தோம். "அப்ப எலிதான். மாப்ளைய எலி கடிச்ச கதைய அம்புட்டுப் பேருக்கும் சொல்லணும்" என்று நானே ஜீப்பை அனுப்பிவிட்டேன்.

அடுத்து கீழே இறங்கிய மூன்று மணி பஸ்ஸில் அவன் கண்ணிமை சரிந்து மூடியது. தூக்கம் என்று நினைத்தேன். கன்னிவாடியில் டீ வாங்கிக் கொடுத்தேன். விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. ஏதோ சொல்ல வந்தான், நாக்கு புரளவில்லை. வாடகைக் கார் பிடித்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஐந்து மணி. "கட்டுவிரியன் கடி. வலிக்காது, வீங்காது. மத்தியானமே வந்திருக்கக் கூடாதாய்யா?" என்றார் டாக்டர். விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தை, மாசியில் போனால் புது மிளகு கிடைக்கும். தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சாக்கைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள், கையை விடாதீர்கள். எது கடித்தாலும் முதலில் நிற்கிற வண்டியில் ஏறுங்கள். உடம்பில் விஷம் இருந்தாலும் நாக்கில் மிளகு உறைக்கும்.

கீழே வர வண்டியே கிடைக்கவில்லை என்றுதான் தங்கையிடம் அன்றைக்குச் சொன்னேன். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. இதை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.