மார்த்தாளின் வாசகம்

எழுபதுகளில் மெல்பேர்னில் எனக்கு வாய்த்த வேலை, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் மைக்ரோபிலிம் கருவிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பது. ஆயிரம் வருடங்களுக்கும் முந்திய இலத்தீன் வாசக நூல்களின் படங்கள் அவை. முழு வேதாகமம் அல்ல. பூசையில் எந்த நாளுக்கு எதை வாசிப்பது என்று துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்தவை. ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று குறித்து, அச்சு வேதாகமத்தோடு சொல் சொல்லாக ஒப்பிடவேண்டும். ஒத்துப்போவதை எழுதுவதில்லை, பிசகியதை மட்டும் எழுதுவோம். மனிதனைக் கெடுக்க இதைவிட நல்ல தொழில் கிடையாது.

அந்தக் குளிர்காலத்தில் இறந்தோருக்கான வாசகங்களில் நின்றேன். இலாசர் செத்துப்போகிறான். அவனுடைய சகோதரி மார்த்தாள் இயேசுவிடம் போய், நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டான் என்கிறாள். அவர் உயிர்ப்பைப் பற்றிச் சொல்கிறார். அவள் விசுவசிக்கிறேன் என்கிறாள். அதோடு துண்டு முடிந்தது. இலாசர் கல்லறையிலிருந்து எழுந்து வருவது அதற்குப் பிறகு. பிரேதத்தைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு அதை வாசிக்க அந்தக் காலத்தவர்களுக்கும் மனம் வரவில்லையோ என்னவோ.

அந்த வாரம்தான் யாழ்ப்பாணத்தில் என் தம்பி செத்தான். மூளைக்காய்ச்சல். அடக்கமும் முடிந்துவிட்டது என்று வந்த தந்தியில்தான் அவனுக்குச் சுகமில்லாமல் போனதே எனக்குத் தெரியவந்தது. ட்ரங்க் கோல் போட்டு அக்காவைப் பிடித்தேன். இரைச்சலுக்குள் அவள் ஒன்றைத்தான் சொன்னாள்.

“நீ இஞ்சை இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டான்.”

நான் என்ன டாக்டரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பிக் கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. கேட்க முடியாமல் போன அந்தக் கோபத்தோடுதான் நாட்கள் போயின.

மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில், எங்கள் வீட்டில் தம்பிக்காகச் செபம் வைத்தோம். அக்கம்பக்கத்தில் இருந்த நம்மவர்கள் சிலர் வேலை முடிந்து வந்திருந்தார்கள். இலாசரின் பகுதியை வாசித்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று மனைவி தமிழ் வேதாகமத்தை என்னிடம் தந்தாள். மார்த்தாள் பேசிய இடத்தில் எனக்கு அக்காவின் குரல்தான் கேட்டது. விசுவசிக்கிறேன் என்று மார்த்தாள் சொன்னதும், என் கை பழக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டது.

எல்லோரும் தலைகுனிந்தபடி காத்திருந்தார்கள்.

“மிச்சத்தையும் வாசியுங்கோ” என்றாள் மனைவி, மெதுவாக.

“இவ்வளவுதான்” என்றேன்.

‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்று யாரோ பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். இலாசரைக் கல்லறைக்குள்ளேயே விட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.