லெக் சைடு காலியாக இருக்கிறது

எல்லாரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதையே எல்லாருக்கும் திரும்ப எடுத்துச் சொல்வதுதான் கமெண்ட்ரி. இப்படி ஒரு வேலை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அதை ஒரு பொம்பளை செய்தால் மட்டும் கேட்கிறார்கள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்துக்கு வேலைக்குப் போய், "யாரைப் பார்க்கணும்?" என்று வாசலிலேயே நிறுத்தப்பட்ட அத்தனை பேரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நானும் அதே வாசலில் நின்றவள்தான்.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிகளுக்கு மைக் பிடிக்கப் போய்விடுவேன். தம்பி ஆடிய டீமுக்குப் பல வருஷம் ஸ்கோர் நோட்டு எழுதியதில், யார் எந்தப் பக்கம் அடிப்பான், எந்த கேப்டன் எங்கே ஆள் நிறுத்த மறப்பான் என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஒரு நாள் கமெண்ட்ரி சொல்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஆசை ஒன்றே ஒன்று. நத்தம் பக்கம் வருஷா வருஷம் நடக்கும் போட்டியின் ஃபைனலுக்கு நான் கமெண்ட்ரி சொல்ல வேண்டும். லீக் மேட்ச் எல்லாம் எனக்குக் கொடுப்பார்கள். ஃபைனல் என்றால் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு அண்ணன் வந்து இறங்கிவிடுவார். இது மூன்று வருஷக் கதை.

பன்னீர்ச் செம்பு

நத்தத்துக்கு நான் முதல் தடவை போன அன்று நடந்தது. மைக் செட்காரர் என் நம்பரை மட்டும் கமிட்டித் தலைவருக்குக் கொடுத்து, "கமெண்ட்ரிக்கு ஆள் வரும்" என்று சொல்லியிருக்கிறார். ஆள் ஆணா பெண்ணா என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நான் பட்டுப்புடவை கட்டிப் போனது தப்பாகப் போயிற்று. பந்தலுக்குள் நுழைந்ததுமே தலைவர், "வாங்கம்மா, ஏன் இம்புட்டு நேரம்?" என்று ஒரு பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டார். இங்கே முதலில் இப்படித்தான் ஏதோ மரியாதை செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் வருகிறவர்களுக்கெல்லாம் தெளித்தேன். இரண்டு டீமும் வந்தாயிற்று. அம்பயர்களுக்கும் தெளித்தாயிற்று.

அரைமணி நேரம் கழித்து என் போன் அடித்தது. "ஏங்க, கமெண்டேட்டரா? எங்க இருக்கீக? டாஸே போட்டாச்சு!" என்று ஒரு கோபக் குரல். அதே குரல் என் முதுகுக்குப் பின்னாலும் கேட்டது. திரும்பினால் தலைவர், காதில் போனோடு நிற்கிறார். "உங்க பக்கத்துலதான் சார் நிக்கிறேன்" என்றேன், போனிலேயே. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த செம்பைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டது இதுதான்: "அப்ப பன்னீர் யாரு தெளிக்கிறது?"

சேவுகம்பட்டியில் ஒரு பரீட்சை

சேவுகம்பட்டியில் ஒரு போட்டி. முன்வரிசை நாற்காலியில் மடியில் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பெரியவர். ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் என் மேஜைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவார். "கல்லி எங்க நிக்கணும்?" சொன்னேன். "நோ பாலுக்கு ரன் அவுட் உண்டா?" உண்டு என்றேன். "ஸ்டம்பிங்?" கிடையாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்து அடுத்த கேள்வியை யோசிப்பார். நான் நாற்பது பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறவள். வைக்கிற இடத்தில் உட்காருவதுதான் பழக்கம். இங்கே எழுதுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் அதே மேஜையில் ஒருவர் கமெண்ட்ரி சொன்னார். அவர் மிட் ஆனை மிட் ஆஃப் என்றும், மிட் ஆஃபை "அந்தப் பக்கம்" என்றும் சொன்னார். அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏழாவது ஓவர் முடிந்து பெரியவர் மறுபடி எழுந்து வரவும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஐயா, இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தானே சொல்லியிருக்கேன்? இன்னும் எத்தனை கேட்பீங்க?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளந்தியாகச் சொன்னார்: "நீ சொன்னது சரியா தப்பான்னு எனக்கு என்னத்தா தெரியும்? எனக்கு எதுக்குமே பதில் தெரியாது!"

செராக்ஸ் கடை

என் வீட்டுக்காரர் நாகல் நகரில் செராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கிரிக்கெட்டில் ஓவருக்கு எத்தனை பந்து என்று அவரிடம் கேட்டால், "நேரத்தைப் பொறுத்தது" என்பார். நான் பேசுவது செல்போன் நேரலையில் வர ஆரம்பித்த பிறகு, கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் கைகுலுக்க ஆரம்பித்தார்கள். "நேத்து மேடம் சொன்ன ஃபீல்டிங் பாயிண்ட் அருமை சார்" என்று அவரைப் பாராட்டுவார்கள். அவரும் எதற்கென்று தெரியாமலே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ஆதார் கார்டு நகலெடுக்க வந்தவர் ஒருவர் விடாப்பிடியாக நின்றார். "எல்லாம் நீங்கதானே சார் எழுதிக் குடுக்கிறது? இல்லாட்டி உங்க தம்பிமார் யாராச்சும் காதுல சொல்றாங்களா? கொஞ்சம் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்க, ரொம்ப வேகம்." இவர் மெஷினை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் யோசித்திருக்கிறார். தான் எப்போது எழுதிக் கொடுத்தோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். கடைசியில் சொன்னாராம்: "நான் எங்க சார் சொல்றது? மேட்ச் ஓடும்போது நான் வாயைத் திறந்தாலே, கடைக்குப் போங்கன்னு அனுப்பி வச்சிருவா!"

பன்னிரண்டாவது ஆள்

இந்த வருஷம் நத்தம் ஃபைனல் நாளில் ஒட்டன்சத்திரத்து அண்ணன் வீட்டில் காதுகுத்து. அதனால் ஃபைனல் எனக்குத்தான் என்று தலைவர் சொல்லிவிட்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் டீமுக்கும் சின்னாளபட்டி டீமுக்கும் லீக் மேட்ச். உள்ளூர் டீமுக்கு கேப்டன் பாண்டி, தலைவருடைய அண்ணன் மகன். சின்னாளபட்டிக்காக அவர்களுடைய முக்கிய பேட்ஸ்மேன் செல்வம் ஆடிக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு, "மிட்விக்கெட்டில் ஆள் இல்லை. லெக் சைடு முழுக்கக் காலியாக இருக்கிறது" என்று சொன்னேன். அடுத்த பந்து அந்த வழியாக மாந்தோப்புக்குள் போய் விழுந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாண்டி ஆளை லெக் பக்கம் மாற்றினான். "இப்போது கவர் திறந்துவிட்டது" என்றேன். செல்வம் கவரில் அடித்தார். டிவியில் பேசுகிறவர்கள் என்ன சொன்னாலும் ஆடுகிறவர் காதில் விழாது. எங்களுக்கு ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டியிருக்கிறார்கள். பேட்டிங் செய்கிறவருக்கு என்னைவிட அது கிட்டத்தில் இருக்கிறது. இத்தனை வருஷம் இது ஏன் பிரச்சினையாகவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பாண்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பந்தலுக்கே வந்துவிட்டான். "அக்கா, அவய்ங்க பதினொரு பேரு இல்ல. உங்களோட சேத்துப் பன்னெண்டு!"

அவன் டீம் தோற்றும் போயிற்று. மற்ற மேட்சுகளில் ஜெயித்திருந்ததால் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள், அதுவும் சின்னாளபட்டியோடேயே. கமிட்டி கூடியது. ஃபைனலுக்கு என்னை வேண்டாம் என்று ஒரு கட்சி. பேச ஆளே வேண்டாம், பாட்டுப் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று இன்னொரு கட்சி. நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "டீச்சர், ஃபைனலுக்கு நீங்களே கமெண்ட்ரி சொல்லுங்க. ஆனா மேட்ச்சைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லாதீங்க."

ஒட்டன்சத்திரத்து அண்ணன்

மேட்ச்சைப் பற்றிச் சொல்லாமல் எப்படிக் கமெண்ட்ரி சொல்வது? வேறு வழி தெரியாமல் அண்ணனுக்கே போன் போட்டேன். ஃபைனலை நான் பறித்துக்கொண்டதாக நினைப்பாரோ என்று பயம். அவரோ, "சொல்லுங்க டீச்சர்" என்று அவ்வளவு மரியாதையாகப் பேசினார். தன் முறையைச் சொல்லிக்கொடுத்தார். பந்து மேலே போனால் "ஆகா", கீழே போனால் "அடடா". ஓவர் முடிந்தால் கோப்பை உபயம் யார், மோர் உபயம் யார், பாதையை மறித்து நிற்கும் வண்டி யாருடையது. நடுநடுவே கமிட்டித் தலைவர் பேர். அவ்வளவுதான்.

"அண்ணே, இத்தனை வருஷத்துல ஒரு கேப்டன்கூட உங்ககிட்ட சண்டைக்கு வந்ததில்லையா?" என்று கேட்டேன். அவர் ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க டீச்சர், ஃபீல்டிங்ல யாரு எங்க நிக்கோணும்னு எனக்குத் தெரியாதுங்க. அதனால பாருங்க, ஒரு வம்பும் வந்ததில்லீங்க!"

கடைசிப் பந்து

ஃபைனல். நான் "ஆகா" என்றேன், "அடடா" என்றேன். மோர் உபயத்தை ஆறு தடவை சொன்னேன். ஆசைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பாண்டியின் கையசைவு ஒவ்வொன்றும் எனக்குப் புரிகிறது, சொல்ல முடியவில்லை. ஆட்டம் கடைசிப் பந்து வரைக்கும் வந்துவிட்டது. சின்னாளபட்டிக்கு மூன்று ரன் வேண்டும், செல்வம் பேட்டிங். பாண்டி லெக் சைடில் இருந்த ஆட்களையெல்லாம் ஆஃப் பக்கம் அனுப்பினான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மெதுவாக ஒரு பந்து போடப் போகிறார்கள். காலியாக இருக்கிறதே என்று அதை லெக்கில் இழுத்தால் பந்து நட்டக்குத்தலாக மேலே போகும், கீப்பருக்குக் கேட்ச்.

தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி பாண்டி பந்தலுக்கு வந்தான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, ஒரே ஒரு தடவ, லெக் சைடு காலியா இருக்குன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவன் நம்புவான்" என்றான். மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அது. அதுவும் ஒருவரை ஏமாற்றுவதற்காக. "மேட்ச்சைப் பத்திப் பேசக் கூடாதுன்னீங்களே சார்?" என்று தலைவரைக் கேட்டேன். "அது போன வாரம். இப்பச் சொல்லுங்க" என்றார்.

சொன்னால் அது பொய்யில்லை, லெக் சைடு காலியாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் இந்த நாற்காலி இல்லை. செல்வம் மட்டையை ஊன்றிக்கொண்டு பந்துவீச்சாளரைப் பார்க்காமல் புளியமரத்து ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானம் முழுக்க என் வாயைப் பார்த்தது. மைக்கை எடுத்தேன். "லெக் சைடு காலியாக இருக்கிறது. ஏன் காலியாக இருக்கிறது என்பதை பேட்ஸ்மேன் யோசிக்க வேண்டும்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உருப்படியான கமெண்ட்ரி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பந்து வந்தது. நான் நினைத்தபடியே ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, மெதுவாக. செல்வம் லெக்கில் இழுக்கவில்லை. ஆஃபிலும் தட்டவில்லை. மட்டையைத் தூக்கியபடி அப்படியே நின்றார். பந்து அவரைக் கடந்து போய்க் கீப்பர் கையில் உட்கார்ந்துகொண்டது. கோப்பை உள்ளூர் டீமுக்கு. வெடி வெடித்தார்கள். தலைவர் ஓடிவந்து எனக்குத் துண்டு போர்த்தினார். "ஒரே வார்த்தையில அவனைக் கட்டிப்போட்டுட்டீகளே! வர்ற வருசமும் ஃபைனல் உங்களுக்குத்தான் டீச்சர். பன்னீர் தெளிக்க நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்." நான் அதற்காகச் சொல்லவில்லை சார் என்று எவ்வளவோ சொன்னேன். வெடிச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு செல்வம் மேஜை அருகே வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவருக்கும் என்ன நடந்தது என்று முழுசாக விளங்கவில்லை போலிருக்கிறது, மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யோசிக்கச் சொன்னீங்கக்கா, யோசிச்சேன். நீங்க சொன்னது சரின்னு புரியறதுக்குள்ள பந்து போயிருச்சு."

நான் சொன்னதை ஒரு ஆம்பளை நின்று யோசித்தது இத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். அன்றைக்குப் பார்த்தா அவர் யோசிக்க வேண்டும்!