கோவிந்து மாமா குவித்த மணல்

தியாகதுருகத்தில் சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று ஏதோ கட்டுகிறார்கள். கொட்டியிருந்த மணலின் ஈரவாசம் என்னை நிறுத்திவிட்டது.

அங்கே அப்பாதான் ஆபரேட்டர். டிக்கெட் கிழிக்கும் கோவிந்து மாமா, பெண்கள் பகுதியின் மணல்தரையில் எனக்குத் திரை தெரிவதற்காக மணலைக் குவித்து, உள்ளங்கையால் தட்டி உட்காரவைப்பார். எண்பத்தேழில் இடஒதுக்கீட்டு மறியலுக்குப் போனவர் திரும்பவில்லை. சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் படப்பெட்டியும் வரவில்லை. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த கொட்டகையை அப்பா திறந்தார். கடைசி ஆட்டம் முடிந்து பெருக்கிச் சமமாக்கியிருந்த தரையில் ஒரே ஒரு மணல்மேடு, மேலே கைத்தடத்தோடு.

"இன்னாம்மா, நீ குமிச்சியா?"

"இல்லப்பா. உங்கூடத்தான வந்தேன்."

உட்காரப் போன என்னை அப்பா தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

இன்றும் பெரிய குவியலுக்கு அப்பால், தனியாக, சின்னதாய் ஒன்று இருந்தது. மேலே கைத்தடம். தூக்கிப்போக இப்போது அப்பா இல்லை.

உட்கார்ந்தேன்.